பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது அதற்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டியைக் கழற்றி, அதையே வீட்டு மேசைக்குப் பவர் சப்ளையாக மாற்றிக்கொள்வது எலக்ட்ரானிக்ஸ் பழகுகிற பிள்ளைகள் பலரும் ஆசைப்படும் வேலை. பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகிவிடும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. செலவில்லாமல் ஒரு நல்ல சப்ளை கிடைக்கிறது. செய்து பார்க்க வேண்டிய வேலைதான். பெட்டியைத் திறக்காமல், வெளியே வரும் ஒயர்களோடு நிறுத்திக்கொண்டால் பெரிய ஆபத்தும் இல்லை. பெரும்பாலானவர்கள் அங்கே நிறுத்துவதில்லை.

பவர் சப்ளை சர்வீஸ்தான் என் தொழில். திறந்த சப்ளையோடு என் பெஞ்சுக்கு வருகிற பிள்ளைகளிடம், சார்ஜைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரைப் பற்றித்தான் நான் கேட்கும் முதல் கேள்வி, “பெரிய கெபாசிட்டரில் எவ்வளவு வோல்ட் நிற்குதுன்னு பார்த்தியா?” அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “பிளக்கைத்தான் பிடுங்கிட்டேனே சார்.”

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325 வோல்ட். ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் டயோடைத் தாண்டியதும் அந்த 325தான் டிசியாகக் கெபாசிட்டரில் ஏறி நிற்கிறது. பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள புது சப்ளைகளில் 380, 400 வரை போகும். பிளக்கைப் பிடுங்கினால் இதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். பழைய போர்டில் அதன் ஈயம் விரிசல் விட்டிருக்கலாம், ரெசிஸ்டரே ஓப்பன் ஆகி, அதாவது உள்ளே அறுந்து போயிருக்கலாம்.

இதில் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. நன்றாக ஓடுகிற சப்ளை, பிளக்கைப் பிடுங்கியதும் தன் சார்ஜைத் தானே ஓரளவு தின்று தீர்த்துவிடும். ஓடாத சப்ளை அப்படியல்ல. ஃபியூஸ் நன்றாக இருந்து, ஸ்விட்சிங் பகுதி மட்டும் செத்திருந்தால், கெபாசிட்டர் முழுதாக ஏறியிருக்கும். அதை இறக்க ஆளே இருக்காது. நாம் திறப்பதோ பெரும்பாலும் ஓடாத சப்ளையைத்தான். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 325 வோல்ட்டில் ஏறி நின்றால் அதில் கிட்டத்தட்ட 25 ஜூல் இருக்கிறது. இரண்டு கையும் போர்டில் இருக்கும்போது அது மார்பு வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து “டப்” என்று ஷார்ட் செய்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். முனை உருகித் தெறிக்கும், தெறிப்பது கண்ணுக்கு வரும். 2.2 கிலோ ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். இரண்டு முனையிலும் பழைய மீட்டர் புரோப் ஒயரைச் சால்டர் செய்து, இணைப்பு வெளியே தெரியாதபடி ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள். பிளக் வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கெபாசிட்டரின் இரண்டு காலிலும் ஐந்தாறு நொடி வையுங்கள். 325 வோல்ட் அதற்குள் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு வந்துவிடும். பழைய மாடல்களில் இரண்டு கெபாசிட்டர்கள் சீரியஸில் இருக்கும், இரண்டையும் தனித்தனியே இறக்க வேண்டும். அப்புறம் மீட்டரை 600 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பாருங்கள், ஏனென்றால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இறக்கிய பிறகும் கொஞ்சம் தானாக ஏறும். மீட்டர் பூஜ்யம் காட்டினால், மீட்டரே சரியாக இருக்கிறதா என்று ஒரு பேட்டரியில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

“வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கோம்” என்று பெற்றோர் சொல்வதுண்டு. மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கிற, கட்டாயம் இருக்க வேண்டிய சாதனம்தான். அது ஃபேஸ் ஒயரில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். கெபாசிட்டரில் தேங்கி நிற்பது அதன் கண்ணில் படவே படாது.

மைக்ரோவேவ் ஓவன் விஷயத்தில் நான் எந்த வழிமுறையும் சொல்லித் தருவதில்லை. அதன் டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 2000 வோல்ட் தரும், அதுவும் அரை ஆம்பியர் அளவுக்கு. அதைக் கழற்றி, ஈர மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கிற வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. இதனால் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதற்குத் தடையே போட்டிருக்கிறது. இங்கேயும் ஆர்சிசிபி உதவாது. உங்கள் உடல் வழியாகப் போகும் கரண்ட் திரும்பிச் சேர்வது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குத்தான், வீட்டு லைனுக்கு அல்ல. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, பிளக்கே இல்லாத ஆபத்து. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து, 18650 என்கிற உருளை வடிவ லித்தியம் செல்களை எடுத்துப் பவர் பேங்க் கட்டுகிறார்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி நெடுநாள் கிடந்த செல்லுக்குள் தாமிரம் கரைந்திருக்கும். சார்ஜ் ஏற்றும்போது அது வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம், அதனால் அப்படிப்பட்ட செல்லை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். நல்ல செல்லாகத் தெரிந்தாலும் 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். 4 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் தள்ளிவிடுங்கள். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் கெடுக்கும். ஹோல்டர் போதும், இல்லையென்றால் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து தரச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) என்று அச்சடித்த 18650-ஐ நம்பாதீர்கள். இந்த அளவுள்ள நல்ல செல்லே சுமார் 3500 எம்ஏஎச்தான் தரும். கையில் எடுத்துப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி லேசாக இருக்கும்.

சார்ஜ் ஏற்றுவதை மெத்தை மேலோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ செய்ய வேண்டாம். முதல் முறையாக எஸ்எம்பிஎஸ் திறக்கப் போகிறவர்கள், தெருவில் இருக்கும் டிவி மெக்கானிக் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, அவர் எப்படிக் கெபாசிட்டரை இறக்குகிறார் என்று பாருங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.