வண்ணத்துக்கு முன் வரைவு: வயர்பிரேம் மென்பொருள் வேலை செய்யும் விதம்

திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு படகுக் குடும்பம், தன் சேவைக்கென ஓர் இணையத்தளம் அமைக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தைத் திறப்பவர் அறிய விரும்புவது மிகச் சில விடயங்களையே. படகு எத்தனை மணிக்குப் புறப்படும், கட்டணம் எவ்வளவு, 2003ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவுக்கான நுழைவுச்சீட்டு அக்கட்டணத்துக்குள் அடங்குமா, இடம் பதிய யாரை அழைக்க வேண்டும் என்பவையே அவை. இவற்றுள் எது திரையின் மேற்பகுதியில் வரவேண்டும், எதை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பனவற்றை, நிறமும் ஒளிப்படமும் கலக்காமல் வெறும் கோடுகளாலும் சாம்பல் நிறப் பெட்டிகளாலும் முதலில் தீர்மானித்துக்கொள்ள உதவும் வரைவே வயர்பிரேம்.

நிறத்தை விலக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. பளபளப்பாக முடிக்கப்பட்ட ஒரு பக்கத்தைக் காட்டினால், பார்ப்பவர்கள் கடலின் நீலம் போதுமா, எழுத்து அழகாக இருக்கிறதா என்று பேசத் தொடங்குவார்கள். கட்டணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி எழாமலே போய்விடும். 2008இல் வெளிவந்த பால்சமிக் என்ற மென்பொருள் தன் பெட்டிகளையும் கோடுகளையும் கையால் கிறுக்கியவை போலவே வேண்டுமென்று காட்டுகிறது. இது இன்னும் முடியவில்லை, தாராளமாக மாற்றச் சொல்லலாம் என்ற எண்ணத்தை அந்தத் தோற்றமே பார்ப்பவருக்கு ஏற்படுத்திவிடுகிறது. இந்த வகை மென்பொருள்களில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அதுவே.

முதல் வரைவுக்குக் காகிதமும் பென்சிலும் போதும். திருத்தங்கள் பெருகும்போதுதான் மென்பொருளின் பயன் தெரியவரும். அது சேமித்து வைப்பது ஓர் ஒளிப்படத்தைப் போன்ற புள்ளிக் கூட்டத்தை அன்று; ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய பொருள்களின் கிளைப் பட்டியலை. பக்கம் என்ற சட்டகத்துக்குள் தலைப்பகுதி, அதற்குள் பெயரும் பட்டியும், அதன் கீழே பயண விவர அட்டை என்று கிளை பிரிந்து செல்லும் அப்பட்டியலில், ஒவ்வொரு பொருளுக்கும் அகலம், உயரம், இடம், உள்ளடக்கம் ஆகிய பண்புகள் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். பயண விவர அட்டையை ஒரு மூல வடிவமாக வைத்துக்கொண்டு, காலைப் பயணம், நீருக்கடி நீச்சல், திமிங்கிலம் பார்க்கும் பயணம் ஆகியவற்றுக்கு அதன் பிரதிகளை இட்டால், ஒவ்வொரு பிரதியும் தான் மூலத்திலிருந்து வேறுபடும் சொற்களை மட்டுமே தன்னிடம் வைத்திருக்கும். நுழைவுச்சீட்டுக் கட்டணம் வேறு என்ற வரியை மூலத்தில் ஒருமுறை சேர்த்தால் எல்லா அட்டைகளிலும் அது தோன்றுவது இதனால்தான்.

பொத்தான் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதன் அகலத்தை எண்ணாகக் கொடுக்காமல், உள்ளிருக்கும் எழுத்தின் அகலத்தோடு இருபுறமும் 16 பிக்சல் (திரைப்புள்ளி) இடைவெளி என்று விதியாகக் கொடுக்கலாம். ‘அழைக்க’ என்ற சொல்லை அழித்து ‘முற்பதிவு செய்க’ என்று எழுதியவுடன் பொத்தான் தானாக விரியும், பக்கத்திலிருப்பவை விலகிக்கொள்ளும். இதற்காக மென்பொருள் தமிழ் எழுத்தை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘திருகோணமலையிலிருந்து’ என்ற சொல்லில் நாம் காண்பவை 11 எழுத்துகள். எழுத்துகளுக்குக் கணினி எண்களை வழங்கும் யுனிகோட் முறையில் அவை 20 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. அதிலுள்ள ‘கோ’வில் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் ஒரே குறி, திரையில் ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்கமைப்பைச் செய்யும் நிரற்றொடர்களில் பரவலானது ஹார்ஃபஸ்; குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகளும் அதையே பயன்படுத்துகின்றன.

தமிழில் தளம் திட்டமிடுவோர் இங்கே மிகுந்த கவனம் செலுத்த வேண்டும் என்று வற்புறுத்துவேன். வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைத்தொலைபேசிக்கென 360 பிக்சல் அகலமுள்ள சட்டகத்தில் ஓரங்களுக்கு 16 பிக்சல் வீதம் விட்டால் எஞ்சுவது 328 பிக்சல். மேலே சொன்ன ஒற்றைச் சொல் பெரிய தலைப்பு அளவில் அந்த வரியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் பொருளற்ற நிரப்பு வரிகளை இட்டு வரைந்த அழகான அட்டை, உண்மையான தமிழ் வாக்கியம் வந்து அமர்ந்ததும் குலைந்துபோவது இதனாலேயே. ஆகவே முதல் நாளிலிருந்தே உண்மையான சொற்களை இட வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் அதே சட்டகத்தில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

சட்டகங்களை இணைப்பது அடுத்த வேலை. முற்பதிவுப் பொத்தானிலிருந்து திகதி தெரிவு செய்யும் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறியை இழுத்தால், அழுத்தும்போது அப்பக்கம் திறக்கும். கணிதவியலாளர் கண்ணுக்கு இது கணுக்களும் திசை கொண்ட கோடுகளும் கொண்ட ஒரு வலையமைப்பு. வெளியே செல்லும் கோடு எதுவுமற்ற கணு, பயணி மாட்டிக்கொள்ளும் முட்டுச்சந்து என்பது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக நடக்கும் நாளை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்துவது பெருங்குறை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து, படகு போக முடியாத நாள்கள் வரும். அப்போது திகதிப் பக்கம் என்ன சொல்லும்? ஏற்கெனவே பதிந்தவருக்குப் பணம் எவ்வாறு திரும்பும்? இந்த இரண்டு பெட்டிகளையும் வரையும்போதுதான் அவற்றுக்குப் பதிலே இன்னும் முடிவாகவில்லை என்பது குடும்பத்தாருக்கே புலப்படும்.

நிலாவெளியில் அண்ணனும் ரொறன்ரோவில் தம்பியும் ஒரே வரைவை ஒரே நேரத்தில் திருத்துவதும் இன்று இயல்பாகிவிட்டது. 2012இல் டிலன் ஃபீல்டும் எவன் வாலஸும் தொடங்கிய ஃபிக்மா, உலாவிக்குள்ளேயே இதைச் செய்துகாட்டியது. அண்ணன் பொத்தானின் அகலத்தையும் தம்பி அதன் சொல்லையும் மாற்றினால் இரண்டும் வெவ்வேறு பண்புகள் என்பதால் இரண்டுமே நிலைக்கும். ஒரே பண்பை இருவரும் மாற்றினால், சேவையகத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த மதிப்பு நிற்கும். பொருள்களின் வரிசையைப் பேண ஃபிக்மா கையாளும் உபாயம் நேர்த்தியானது: ஒவ்வொன்றுக்கும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு பின்ன எண் உண்டு. 0.5க்கும் 0.75க்கும் நடுவே ஒரு பெட்டியைச் செருகினால் அதற்கு 0.625 கிடைக்கும், மற்றவற்றின் எண்களைத் தொடவே வேண்டியதில்லை.

பணம் செலவழிக்க இயலாத சிறுதொழில் செய்வோருக்கு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளான பென்பாட் நல்ல தெரிவு. வரைவின் அகலங்களும் இடைவெளிகளும் இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் விதிமொழிக்கு நெருக்கமான வடிவிலேயே அதில் இருப்பதால், தளத்தை எழுதுபவர் அவற்றை ஊகிக்காமல் வாசித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை வழிகாட்டியின், 2023இல் வெளியான 2.2ஆம் பதிப்பு, அழுத்தும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. ஆடும் படகில் ஈரக் கையோடு தொலைபேசியைப் பிடித்திருப்பவரை நினைத்து, அதன் இருமடங்கான 48ஐ வைப்பதே தகும். பவளப்பாறைகளின் பெரிய ஒளிப்படங்கள் வலுக்குறைந்த இணைப்பில் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைச் சாம்பல் பெட்டி எதுவும் காட்டாது; அதைத் தளம் உருவான பிறகு, சாதாரணத் தொலைபேசி ஒன்றில் திறந்துதான் அளக்க வேண்டும்.