மனத்திட்பமும் தன்மதிப்பும்: சொல் விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிலம்பமோ கராத்தேயோ சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர்கள் அடிக்கடி சொல்வது: “மென்டல் ஸ்ட்ரோங்கா இருக்கணும்.” அடி வாங்கிய பையன், “தாஹான் பண்ண முடியல மாஸ்டர்” என்பான். தாஹான் மலாய்ச் சொல், தாங்குவது, பொறுப்பது. மலாய்க்காரர்கள் சொல்லும் ‘கெத்தஹானான் மென்தல்’ (மனத்தின் தாங்கும் சக்தி) இதிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தில் மென்டல் டஃப்னஸ். 2002-இல் உளவியலாளர் பீட்டர் கிளஃப் குழுவினர் இதை நான்காகப் பிரித்தார்கள்: கட்டுப்பாடு, ஈடுபாடு, சவாலை எதிர்கொள்ளும் குணம், தன்னம்பிக்கை. ஆக, வலி தாங்குவது மட்டும் போதாது. கராத்தே சண்டையில் முடிய 15 வினாடி இருக்கும்போது ‘அதோஷி பராக்கு’ (இன்னும் கொஞ்ச நேரம்தான்) என்று அறிவிப்பு வரும். ஒரு புள்ளி பின்தங்கியவன் அப்போது பதறிப் பாயாமல், தூரம் பார்த்துக் காலெடுத்து வைக்கிறான் பாருங்கள், அதுதான் டஃப்னஸ்.

தமிழில் மனவலிமை என்பார்கள்; ரொம்பப் பொதுவான சொல். நெஞ்சுரம் அழகுதான், ஆனால் தோட்டத்தில் உரம் என்றதும் செம்பனைக்குப் போடும் மூட்டைதான் கண்ணில் நிற்கும். என் தேர்வு மனத்திட்பம். நுண் என்பதிலிருந்து நுட்பம் வந்ததுபோல, திண் என்பதிலிருந்து திட்பம். (திடம் வேறு, அது வடமொழி வழி வந்தது.) “வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்” என்கிறது 661-ஆம் குறள். செயலில் தெரியும் உறுதியைச் சொல்வதால் விளையாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

செல்ஃப் எஸ்டீம் என்பதைப் பலர் சுயமரியாதை என்று எழுதிவிடுகிறார்கள். அது 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் பெயர். 1929-இல் அவரே மலாயாவுக்கும் வந்தார். பிறர் நம்மைத் தாழ்த்த விடாத மானம் அந்தச் சொல்லில் ஓங்கி நிற்கிறது. எஸ்டீம் என்பதன் இலத்தீன் வேரோ விலை மதிப்பிடுவதைக் குறிக்கும். ஒருவன் தனக்குத் தானே போடும் மதிப்பு, எனவே தன்மதிப்பு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் இதற்கு ஒரு கணக்கே கொடுத்தார்: அடைந்த வெற்றியை எதிர்பார்ப்பால் வகுக்க வேண்டும்.

தங்கம் என்றே நினைத்துப் போய் வெள்ளியோடு திரும்பும் பிள்ளை “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்று புலம்புவது இந்தக் கணக்கால்தான். கடைசி வினாடி வரை அவன் திட்பம் குலையவில்லை, குறைந்தது தன்மதிப்பு. அவனிடம் போய் “மென்டல் ஸ்ட்ரோங்கா இரு” என்றால் என்ன பயன்? தன்னம்பிக்கையையும் இதோடு குழப்பக் கூடாது. ‘அடுத்த முறை இவனை ஜெயிப்பேன்’ என்பது தன்னம்பிக்கை. ‘தோற்றாலும் நான் மட்டமானவன் இல்லை’ என்பது தன்மதிப்பு.