எமர்ஜென்சி வாசல் இன்சூரன்ஸ் ஆகாது

போன வாரம் இரவு ஷிஃப்டில் ஒரு பெண்மணியின் ஷூவைக் கழற்றும்போதே வாடை வந்துவிட்டது. வலது கால் பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. வயது 52, பதினோரு வருடமாகச் சர்க்கரை, அன்று ரத்தச் சர்க்கரை 438. புண் எப்போது வந்தது என்று கேட்டால் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சமயத்தில் என்கிறார். இது பிப்ரவரி. இன்சுலின் போடுகிறீர்களா என்றேன். பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்கிறேன், ஒரு மாதக் குப்பி இரண்டு மாதம் வரும் என்றார். சொல்லும்போது முகத்தில் சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவரின் பெருமை கொஞ்சம் தெரிந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரையை ஞாபகப்படுத்துகிற வேலை. சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் அதில் சேர்த்தி. மறுநாள் காலை விரலை எடுத்தார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டு விருந்து. பேச்சு ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டில் விழுந்த வெட்டுப் பக்கம் திரும்பியது. நண்பர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "என்ன டாக்டர் நீங்க, இந்த நாட்டுல எமர்ஜென்சிக்குப் போனா யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சட்டமே இருக்கே. அப்புறம் வைத்தியம் கிடைக்கலைன்னு எதுக்கு இவ்வளவு கூப்பாடு?" டெக்சாஸில் எமர்ஜென்சி டாக்டராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் இருந்ததால் தட்டில் இருந்த பிரியாணி இறங்கவில்லை.

நண்பரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2007-ல் அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கிளீவ்லாந்தில் பேசும்போது இதையேதான் சொன்னார்: அமெரிக்காவில் எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்கிறது, எமர்ஜென்சிக்குப் போனால் போதும் என்று. 2012-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மிட் ராம்னியும் தொலைக்காட்சிப் பேட்டியில் கிட்டத்தட்ட அதே பதிலைத் தந்தார். இத்தனைக்கும் 2006-ல் மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்தபோது எல்லோருக்கும் இன்சூரன்ஸ் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒபாமா 2010-ல் கொண்டுவந்த இன்சூரன்ஸ் சட்டம், அதாவது ஒபாமாகேர், அதற்கே இதுதான் முன்மாதிரி.

சரி, அந்தச் சட்டத்துக்கு வருவோம். பெயர் எம்டாலா, 1986-ல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டது. அதற்கு முன்பு தனியார் மருத்துவமனைகள் காசில்லாத நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போவது நடந்துகொண்டிருந்தது, சிகாகோவின் குக் கவுண்டி அரசு மருத்துவமனைக்கு இப்படி வந்தவர்கள் ஏராளம். அதைத் தடுக்க வந்த சட்டம் கேட்பது இவ்வளவுதான்: வந்தவரைப் பரிசோதி, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டு வா, உன்னால் முடியாவிட்டால் முடிகிற இடத்துக்கு முறைப்படி அனுப்பு. இலவசம் என்று அதில் ஒரு வரி கிடையாது. பில் வரும், கட்டாவிட்டால் வசூல்காரனிடமிருந்து போன் வரும். அடுத்த மாத இன்சுலினை யார் தருவது என்பதைப் பற்றியும் அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. மார்பில் கட்டி என்று நீங்கள் எமர்ஜென்சிக்கு வந்தால் நான் தொட்டுப் பார்த்து, இன்று இரவு இதனால் உயிர் போகாது, சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று எழுதி அனுப்புவேன். சட்டப்படி என் கடமை முடிந்தது. கீமோ என்னிடம் கிடையாது. அதே கட்டி புண்ணாகி ரத்தம் ஒழுகும்போது வாருங்கள், ரத்தத்தை நிறுத்தித் தருகிறேன். இதற்குப் பெயர் வைத்தியமா? பெருவிரல் சிவந்தபோது அந்தப் பெண்மணிக்குத் தேவைப்பட்டது ஒரு டாக்டரும் பத்து நாள் மாத்திரையும். கறுத்த பிறகுதான் சட்டம் அவருக்குக் கதவைத் திறந்தது.

ஒபாமாகேர் இருக்கிறதே, அதில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் கொடுமை. அவருடைய வருமானம் வருடத்துக்குச் சுமார் 13,500 டாலர். 2010 சட்டத்தின் கணக்குப்படி இந்த வருமானக்காரர்களுக்கெல்லாம் மெடிக்கெய்ட் கிடைத்துவிடும், அதனால் பிரீமியத்துக்கான மானியம் வறுமைக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 2026-க்கான மானியக் கணக்கில் தனி ஆளுக்கு அந்தக் கோடு 15,650 டாலர். 2012-ல் உச்ச நீதிமன்றம் வந்து, மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்றது. 40 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, டெக்சாஸ், புளோரிடா உட்படப் பத்து இன்னும் மாட்டேன் என்கின்றன, செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் தருகிறேன் என்ற பிறகும். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட, ஊனம் என்று சான்றில்லாத ஒருவருக்கு டெக்சாஸில் மெடிக்கெய்டே இல்லை. இன்னும் 2,200 டாலர் சம்பாதிக்கும் அளவுக்கு அவர் 'வசதியானவராக' இருந்திருந்தால் மானியம் கிடைத்திருக்கும். ஏழ்மை அதிகம் என்பதால் ஒன்றும் கிடையாது. இதை அவருக்குப் புரியவைக்க முயன்றேன். நான் ஏதோ குழப்புகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். (ஹூஸ்டன், டல்லாஸ் மாதிரி பெரிய நகரங்கள் உள்ள கவுண்டிகளில், நம்மூர் மாவட்டம் மாதிரி, அரசு மருத்துவமனையாவது உண்டு. எங்கள் பக்கம் அதுவும் இல்லை.)

இது போதாதென்று 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம். மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களிலும் 2027 தொடக்கத்துக்குள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு, சமூக சேவை என்று ஏதாவது செய்ததாகக் கணக்குக் காட்டவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பிக்கவேண்டும். வேலை செய்யச் சொல்வதில் என்ன தப்பு என்பார்கள். ஆர்கன்ஸா 2018-ல் இதைச் செய்து பார்த்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் மெடிக்கெய்டை இழந்தார்கள், அவர்களில் பலர் வேலையில் இருந்தவர்கள்தான். மணிக்கணக்கை இணையத்தில் பதியவேண்டும், அந்தத் தளமோ ராத்திரி 9 மணிக்குக் கடையைச் சாத்திவிடும். கடைசியில் நீதிமன்றம் நிறுத்தியது. டிரம்பின் இந்தச் சட்டத்தால் 2034-க்குள் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் சுமார் 1 கோடி கூடுவார்கள் என்று நாடாளுமன்றத்தின் சொந்தக் கணக்கு அலுவலகமே சொல்கிறது. போதாக்குறைக்கு, 2021-ல் பைடன் காலத்தில் கூட்டிய பிரீமிய மானியம் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்காக 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்தும் நீட்டிக்கவில்லை. 2024 விவாதத்தில் மாற்றுத் திட்டம் எங்கே என்று கேட்டதற்கு 'திட்டத்துக்கான யோசனைகள்' இருக்கின்றன என்றார் டிரம்ப். யோசனையை வைத்துக் காலுக்குக் கட்டுப் போட முடியாது.

சட்டவிரோதமாக வந்தவர்கள்தான் ஒபாமாகேரைச் சாப்பிடுகிறார்கள் என்ற கதைக்கு ஒரு வரி: ஒபாமாகேர் இன்சூரன்ஸ் விற்கும் அரசுச் சந்தையில் அவர்கள் முழுப் பணத்தைக் கட்டிக்கூட இன்சூரன்ஸ் வாங்க முடியாது.

அரசியல் மாறும்போது மாறட்டும். அதுவரை தயவுசெய்து இன்சுலினைப் பாதியாக்காதீர்கள். பெரிய தயாரிப்பாளர்கள் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் மாதம் 35 டாலருக்குத் தரும் திட்டங்கள் வைத்திருக்கிறார்கள், மருந்துக்கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். வால்மார்ட்டில் பழைய வகை இன்சுலின் குப்பி சுமார் 25 டாலர், ஆனால் அளவு வேறு, டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக மாறாதீர்கள். மத்திய அரசு உதவி பெறும் சமூக மருத்துவ மையங்கள் வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும். அந்தப் பெண்மணி வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் ஒன்று இருக்கிறது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பில் வந்தால் பயந்து கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவிக் கொள்கை கட்டாயம் இருக்கவேண்டும், முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். மலிவாக இருக்கிறதே என்று குறுகிய காலத் திட்டங்களையோ, செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லும் மதக் குழுக்களையோ இன்சூரன்ஸ் என்று நம்பிச் சேராதீர்கள், பழைய நோய் இருந்தால் அவர்கள் கைவிரிக்கலாம். அந்த அட்டையை நீட்டுகிறவரிடம் இது செல்லாது என்று சொல்லும் வேலை நடுராத்திரியில் என் தலையில்தான் விழுகிறது.

நேற்று அந்த நண்பர் போன் செய்தார். பையனுக்கு அடுத்த மாதம் 26 முடிகிறதாம், அப்பாவின் இன்சூரன்ஸிலிருந்து விலகவேண்டும், பார்ட் டைம் வேலைதான், என்ன செய்யலாம் என்றார். 26 வரை அவன் அதில் இருக்க முடிந்ததே ஒபாமாகேரால்தானே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பழைய இன்சூரன்ஸ் முடியும் நாளிலிருந்து 60 நாளுக்குள் சந்தையில் பதியச் சொல்லுங்கள், விட்டால் நவம்பரில்தான் மறுபடி பதிய முடியும், அந்த இன்சூரன்ஸும் ஜனவரியில்தான் தொடங்கும் என்றேன். குறித்துக்கொண்டார். வருமானம் 15,650-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். "கீழயா? மேலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.