காப்புரிமையா, கண்டுபிடிப்புரிமையா?

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிகளைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஆய்வேட்டின் காப்புரிமை மாணவருக்கு உரியது’ என்று ஒரு வரி. நாலு வரி தள்ளி, ‘ஆய்வில் உருவாகும் கருவியின் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு உரியது’ என்று இன்னொன்று. முதலாவது காப்பிரைட், எழுதியவருக்கு எழுத்தின்மேல் உள்ள உரிமை. இரண்டாவது பேட்டன்ட், கண்டுபிடித்தவருக்குக் கண்டுபிடிப்பின்மேல் உள்ள உரிமை. இரண்டுக்கும் ஒரே சொல்! படிக்கும் மாணவருக்குத் தன் கையில் இருப்பது எது, போனது எது என்று எப்படித் தெரியும்?

பேட்டன்ட் என்பதன் வேர், ‘திறந்திருத்தல்’ என்ற பொருளுடைய லத்தீன் வினை. அரசர் தரும் உரிமைக் கடிதத்தை மூடி முத்திரையிடாமல், எவரும் படிக்கும்படி முத்திரையை அடியில் தொங்கவிட்டு அனுப்புவார்கள். அந்தத் திறந்த மடல்தான் பேட்டன்ட். வெனிஸில் 1474-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

சரி, பேட்டன்டைக் காப்புரிமை என்பதற்கு வருவோம். ‘காப்பு’ என்றதும் பூட்டி வைப்பதுதான் மனதில் வருகிறது. நடப்பதோ நேர்மாறு. கண்டுபிடித்தவர் செய்முறையை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் 18 மாதத்தில் அதை ஊரறிய வெளியிட்டுவிடுவார்கள். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, பிறர் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமை. எழுத்துக்கான பதிப்புரிமையோ எழுதியதுமே தானாக வந்துவிடும், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆய்வேடு எழுதிய மாணவர் சும்மா இருக்கலாம். கருவி செய்தவர் சும்மா இருந்தால் உரிமை போய்விடும்.

போகும் என்பதற்கு மரபணுவை வெட்டி ஒட்டும் முறையே சாட்சி. அமெரிக்க ஆய்வாளர்கள் கோஹனும் பாயரும் 1973 நவம்பரில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்கச் சட்டம் தந்த ஓராண்டுக் கெடு முடியும் தறுவாயில், 1974 நவம்பரில் கோஹனின் பல்கலைக்கழகமான ஸ்டான்ஃபோர்டு பேட்டன்டுக்கு விண்ணப்பித்தது. அங்கே உரிமை கிடைத்தது. பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. கட்டுரை முன்பே வெளிவந்துவிட்டதால் ஐரோப்பாவில் உரிமை கேட்க வழியில்லாமல் போயிற்று. ‘கட்டுரை வந்துவிட்டது, காப்புரிமை நம்மிடம்தானே’ என்று இருந்துவிடும் ஆய்வாளர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அந்த நினைப்புக்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

பேட்டன்டை ‘ஆக்கவுரிமை’ என்று எழுதுவோரும் உண்டு. அழகான சொல். ஆனால் கவிதையும் ஆக்கம்தான், கதையும் ஆக்கம்தான். பழைய குழப்பமே புதுச் சட்டை போட்டு வரும். ‘புனைவுரிமை’ என்றால் இன்று நாவல்தான் நினைவுக்கு வரும்.

நான் எழுதுவது கண்டுபிடிப்புரிமை. இயற்கையில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டறிவதும் கண்டுபிடிப்புதானே, அதற்கு இந்த உரிமை கிடையாதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எதற்கு உரிமை, எதற்கு இல்லை என்று பிரிப்பது சட்டத்தின் வேலை. கவிதையிலிருந்து கருவியைப் பிரித்துக் காட்டினால் சொல்லின் வேலை முடிந்தது. நீளமாக இருக்கிறது என்றால் பேட்டன்ட் என்றே எழுதுங்கள், எனக்குச் சம்மதம். தூய தமிழில் குழப்புவதைவிடக் கடன் வாங்கித் தெளிவாகச் சொல்வது மேல்.

அதே விதிகளில் ‘கண்டுபிடிப்புகளை வணிகமயமாக்கல்’ என்றும் இருந்தது. கல்வி வணிகமயமாகிவிட்டது என்று வருந்தும்போது நாம் எடுக்கும் சொல் அது. ஆய்வகத்தில் பிறந்த மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச்சேர்வதற்கும் அதே சொல்லா? சந்தைக்குக் கொண்டுவருதல் என்றால் என்ன குறைந்துவிடும்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடுபவரை யாரும் நினைப்பதில்லை.

அந்த வரிகளை இப்படி எழுதியிருக்கலாம்: ‘ஆய்வேட்டின் பதிப்புரிமை மாணவருக்கு. ஆய்வில் உருவாகும் கருவியின் கண்டுபிடிப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு. அதற்கு விண்ணப்பிக்கும் முன் கட்டுரையை வெளியிட வேண்டாம்.’