வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விடுவோருக்கு: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்வது என்ன?

வாடகை வருமானத்தை எண்ணி முதன்முதலாக ஒரு வீடு வாங்குபவர்கள், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்ப்பதில் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. கிரயம் முடிந்து, வீட்டில் ஆள் குடிவைக்கும் கட்டத்தில்தான் கவனம் தளர்ந்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் பழைய பதினொரு மாத ஒப்பந்தப் படிவத்தில் பெயரையும் தொகையையும் நிரப்பி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, அலமாரியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அது போதாது.

அன்று நடைமுறைக்கு வந்தது, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகிய இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இது நீக்கியது. பழைய சட்டத்தில் நியாய வாடகை எவ்வளவு என்பதை நிர்ணயிக்கும் முறை இருந்தது. புதிய சட்டத்தில் வாடகையையும் அதன் உயர்வையும் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. ஆகவே எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் முன்பைவிட எடை கூடியிருக்கிறது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம், அதாவது இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த அதிகாரியிடம் (Rent Authority), பதிவு செய்யப்பட வேண்டும். உரிமையாளரோ வாடகைதாரரோ இதற்கென அரசு நடத்தும் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவானதும் அந்த வாடகைக்கென ஒரு பதிவு எண் கிடைக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது மத்திய அரசின் பதிவுச் சட்டத்தின் விதி. அதைத் தவிர்ப்பதற்காகத்தான் பதினொரு மாதம் என்ற வழக்கம் வேரூன்றியது. ஆனால் வாடகை அதிகார அமைப்பிடம் செய்யும் பதிவு வேறு. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று சட்டம் சொல்வதால், பிரச்சினை வரும் நாளில் கையில் இருப்பது வெறும் காகிதமாகிவிடும். இந்த ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்பணம், அதாவது அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. மாதம் ரூ.15,000 வாடகை என்றால் ரூ.45,000. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதால், அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாமல் தனியே வைப்பது நல்லது.

சச்சரவு அதிகம் எழுவது பழுதுபார்ப்பில்தான். கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்தல் போன்ற அன்றாடப் பராமரிப்பு வாடகைதாரருடையது. இந்தப் பட்டியல் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நடைமுறையில் கேள்வி வேறு விதமாக வரும்: சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஈரம் படர்ந்து சுவர் உப்பியிருந்தால், குற்றம் தேய்ந்த வாஷரிலா, சுவருக்குள் ஓடும் பழைய குழாயிலா? சாவி கொடுக்கும் நாளிலேயே இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து, தொட்டிக்கு அடியில் உள்ள சுவர் வரை படம் பிடித்து, மின்மீட்டர் அளவையும் குறித்து, அந்தத் தாளில் கையெழுத்திட்டு வைத்திருந்தால், இந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிது. சட்டம் இதை இவ்வளவு விரிவாகக் கேட்கவில்லை என்றாலும், அட்வான்ஸில் பிடித்தம் செய்வது நியாயமா என்பதைக் காட்டப்போவது அந்தத் தாள்தான்.

வீட்டைப் பார்வையிட வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் குற்றம் உரிமையாளர் பக்கம் திரும்பிவிடும். இரண்டு மாத வாடகை நிலுவையில் நின்று, அறிவிப்பு கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் அது முழுமையாகச் செலுத்தப்படாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வேறொருவரிடம் வீட்டை ஒப்படைப்பதும் அதற்கு ஒரு காரணமாகும். எந்த நிலையிலும் பூட்டை மாற்றி ஆளை வெளியேற்றும் அதிகாரம் உரிமையாளருக்குக் கிடையாது.

வருமான வரியில், பெற்ற வாடகையிலிருந்து உரிமையாளர் உள்ளாட்சிக்குச் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென ரசீது எதுவும் காட்டாமலே கழிக்கலாம். ஆண்டு வாடகை ரூ.1,80,000, சொத்து வரி ரூ.6,000 என்றால் மீதி ரூ.1,74,000, அதில் ரூ.52,200 கழிந்து ரூ.1,21,800 வருமானமாக நிற்கும். வீட்டுக் கடன் இருந்தால் வட்டியையும் விதிகளுக்கு உட்பட்டுக் கழிக்க இடமுண்டு. ஆண்டு வாடகை ரூ.1,00,000ஐத் தாண்டும்போது, வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கோரும் வாடகைதாரர் உரிமையாளரின் பான் எண்ணைத் தம் அலுவலகத்தில் தர வேண்டியிருக்கும்; அதைத் தர மறுக்காமல், ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.