மதிலோரத்து எக்ஸோரா ஏன் மஞ்சளாகுது?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. "அண்ணா, புது பிளட்ஸ் மதிலோரமா எக்ஸோரா நட்டனாங்கள், குருத்தெல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை, யூரியா போட்டும் சரிவரேல்ல, அம்மா கண்ணூறு எண்டுறா."

கண்ணூறு இல்ல, மதில்தான்.

எக்ஸோரா, அதான் வெட்சி, இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் தானாவே வளர்ற செடி, கோப்பிக் குடும்பம், நல்ல வெயில் வேணும், வேரில தண்ணி தேங்கக்கூடாது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முக்கியமா புளிப்பு மண் வேணும், பிஎச் 5க்கும் 6க்கும் இடையில (பிஎச் எண்டது புளிப்புக் கணக்கு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூட). கொழும்பு மண் இயல்பிலயே அப்பிடித்தான், மழை சுண்ணாம்பையெல்லாம் கழுவிக்கொண்டு போயிடும், மிஞ்சிறது வீடு கட்டிற கபுக் கல்லில பாக்கிறமே அந்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு முழுக்க இரும்பு. ஆனா உங்கட செடிக்குக் குறையிறதும் இரும்புதான்!

எப்பிடித் தெரியும் எண்டா, மஞ்சள் எந்த இலையில தொடங்குது எண்டு பாருங்கோ. நைட்ரஜன் காணாட்டி செடி பழைய இலையில இருந்து உருவிக் குருத்துக்குக் குடுக்கும், அதால அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். இரும்ப அப்பிடி லேசில உருவ ஏலாது, அதால குருத்து பட்டினி. யூரியா குடுக்கிறது நைட்ரஜன், அது கேக்காததுக்கு அதுதான் காரணம். பச்சையத்துக்கு நடுவில இருக்கிறது மக்னீசியம், இரும்பு இல்ல, ஆனா பச்சையத்தச் செய்யிற வேலைக்கு இரும்பு இல்லாம முடியாது.

இனி எனக்குப் பிடிச்ச இடம். மண்ணில இருக்கிற இரும்பு அநேகமா கறள் மாதிரித்தான், தண்ணியில கரையாது. பிஎச் ஒண்டு கூடினா கறள்ல இருந்து கரையிற இரும்பு, அதாவது ஃபெரிக் அயன், ஆயிரத்தில ஒரு பங்காக் குறையும். அதுக்காக வேர் சும்மா இருக்கிறதில்ல. இரும்பு காணேல்ல எண்டதும் வேர் நுனி புரோட்டன வெளியில தள்ளும், அதாவது தன்னைச் சுத்தியிருக்கிற மண்ணத் தானே புளிக்க வைக்கும். கொஞ்சம் இரும்பு கரையும். உடன வேர்த்தோல்ல இருக்கிற ஒரு நொதியம் அந்த இரும்புக்கு ஒரு இலத்திரன் குடுத்து ஃபெரிக்க ஃபெரஸ் ஆக்கும், ஃபெரஸ் போகக்கூடிய வாசலால உள்ள எடுக்கும். ஒரு வேர் நுனிக்குள்ள இவ்வளவு கெமிஸ்ட்ரி! இத நோண்டிப் பாக்கக் காசு கேட்டா "இதால என்ன பிரயோசனம்" எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம், மஞ்சள் இலையக் காட்டத்தான் வேணும்.

மதிலோரத்தில பிழைக்கிறது எங்க? மேசன்மார் விட்டிட்டுப் போன சாந்து, உடைஞ்ச சீமெந்துக் கட்டியெல்லாம் அங்கதான் புதைஞ்சு கிடக்கும். அதில இருக்கிற சுண்ணாம்பு, வேர் தள்ளுற புரோட்டன எல்லாம் உடனுக்குடன் குடிச்சு முடிச்சிடும். வேர் தள்ளத் தள்ள சுண்ணாம்பு குடிக்கும். பக்கத்தில புல்லு மட்டும் பச்சையா நிக்கிறதப் பாத்திருப்பீங்கள், புல்லுக் குடும்பத்துக்கு வேற வழி இருக்கு, ஃபெரிக்கயே கவ்விப்பிடிக்கிற ஒரு பொருள வேரால விட்டு அப்பிடியே உள்ள இழுக்கும்.

சந்தேகமெண்டா வேர்ப்பக்கத்து மண் ஒரு பிடி எடுத்துக் காயவச்சு வினாகிரி விடுங்கோ. நுரைச்சா சுண்ணாம்பு.

கறள் ஆணி புதைக்கிற பழக்கம் விடுங்கோ, கறள் ஏற்கனவே நிறையக் கிடக்கு. முட்டைக் கோதும் வேண்டாம், அதுவும் சுண்ணாம்புதான். அன்னபேதிய, அதான் ஃபெரஸ் சல்பேற்று, கரைச்சு மண்ணில விட்டா கெதியாக் கறளாப்போயிடும், ஆனா லீட்டருக்கு 5 கிராம் போட்டுப் பின்னேரம் இலையில தெளிக்கலாம், டைல்ஸில பட்டா கறை போகாது கவனம். மண்ணுக்கெண்டா ஈடிடிஹெச்ஏ எண்டு போட்டிருக்கிற இரும்புக் கீலேட் வாங்குங்கோ, அதில இரும்ப ஒரு பொருள் கவ்விப்பிடிச்சுக்கொண்டிருக்கும், காரமண்ணிலயும் கரைஞ்சே நிக்கும், விலைதான் கூட. கந்தகத்தூளும் போடலாம், பக்டீரியா அத அமிலமாக்கக் கிழமைக்கணக்கா எடுக்கும், கட்டி கனக்கக் கிடந்தா அதுவும் காணாது. என்னக் கேட்டா கட்டியெல்லாம் கிண்டி எடுத்திட்டுச் சிவப்பு மண்ணும் கொம்போஸ்ட்டும் நிரப்புறதுதான் வேலை, ஏலாட்டி பெரிய பூச்சாடி. ஏற்கனவே மஞ்சளான இலை முழுசாத் திரும்பாது, அடுத்த குருத்தப் பாருங்கோ. பூ கிளை நுனியில வாறதால வெட்டுறதெண்டா பூத்து முடிஞ்ச உடன வெட்டுங்கோ.