கொப்பியில் தமிழில் எழுதிப் படிக்கிற இங்கிலீஷ்

மட்டக்களப்பில் ஆரம்ப ஆங்கில வகுப்புக்கு வருகிற யாருடைய கொப்பியைத் திறந்தாலும், அது எட்டாம் ஆண்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை சும்மா இருக்கவேண்டாம் என்று வீட்டில் அனுப்பிவைத்த பெடியனாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் அடியில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். ஏன் என்று கேட்டால், "எழுதினாத்தான் சேர் வாசிக்க வரும்" என்பார்கள். வாசிக்க வருகிறதுதான். ஆனால் வருவது ஆங்கிலமா என்பதுதான் என் சந்தேகம்.

ஒரு மாணவியின் கொப்பியில் ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் 'சேர்' என்று இருந்தது. ஒன்று என்னைக் கூப்பிடுகிற சேர், ஒன்று உட்காருகிற கதிரை, மற்றது பங்குபோட்டுக் கொடுப்பது. மூன்றும் வேறு வேறு ஒலி, எழுதியது ஒன்று. பரீட்சையில் அவளுக்குப் பிரச்சினை வராது, எழுத்துக்கூட்டைப் பார்த்தே அர்த்தம் சொல்லிவிடுவாள். யாராவது வாயால் சொன்னால்தான் முழிப்பாள்.

இதைத் தமிழ் எழுத்தின் குறை என்று சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். நம்முடைய க ஒரே எழுத்து, ஆனால் கல், பகல், தங்கம் என்று சொல்லிப்பாருங்கள், அது வருகிற இடத்தைப் பார்த்து ஒலி தானாக மாறிக்கொள்ளும், அதனால் நமக்கு வேறு எழுத்துத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அந்த ஒலிகள் சொல்லின் முதலிலும் வரும், கடைசியிலும் வரும், ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொன்னால் பொருளே மாறும். ஆடும் 'கோட்', குளிருக்குப் போடுகிற சட்டையும் 'கோட்', பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்' என்று எழுதிவைத்துப் படித்தால் காது இரண்டையும் பிரிக்கப் பழகாது. உயிரொலி இன்னும் சிக்கல். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் உயிரெழுத்து 5தான், பிரித்தானிய உச்சரிப்பிலோ உயிரொலிகள் 20 அளவில் இருக்கின்றன. நம்முடைய 12ஐ வைத்துக்கொண்டு அதை எழுதப் போனால் மூன்று ஒலி ஒரு எழுத்துக்குள் அடைபடத்தான் செய்யும்.

நல்ல விஷயம் என்னவென்றால் ஆங்கில மெய்யொலிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'தங்கம்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். 'தங்' வரை சொல்லி நிறுத்தி, மிச்சத்தைத் தனியாக இழுங்கள். விரலில் ஒரு அதிர்வு தெரியும். ஆடு என்ற ஆங்கிலச் சொல் அந்த அதிர்வோடுதான் தொடங்குகிறது, சட்டை அதிர்வில்லாமல் தொடங்குகிறது. கம்பு, பண்டம், பஞ்சு என்று இப்படியே பிரித்தெடுக்கலாம். அப்புறம் ஒரு பஸ் டிக்கெட்டை வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பன்றியைச் சொல்லுங்கள், கடதாசி ஆடவேண்டும். பெரியதைச் சொல்லும்போது அவ்வளவாக ஆடக்கூடாது. வகுப்பில் இதைச் செய்தால் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும், ஆனாலும் காது திறக்கும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. வெற்றி, பற்றறி என்று நாம் சொல்லும்போது நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் படுகிறதே, ஆங்கில 'டீ' எழுத்துக்கும் கிட்டத்தட்ட அந்த இடம்தான். அதை விட்டுவிட்டு நாக்கை மடித்துக் கனமாக 'ட' போடுவது எதற்கு?

தமிழில் இல்லாத ஒலிகளுக்குத்தான் தனியாகப் பாடுபட வேண்டும். 'எஃப்' வரும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் மேலே சுற்றுகிற காற்றாடியும் அடுப்பில் வைக்கிற தாச்சியும் ஒன்றாகிவிடும். 'வீ'க்கும் பல் உதட்டில் படும், 'டபிள்யூ'வுக்குப் படாது, உதடு குவியும். அவ்வளவுதான், மற்றது பழக்கம்.

எழுதாமல் எப்படி ஞாபகம் வைப்பது என்று கேட்பீர்கள். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசம், சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் பிரித்தானிய உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் கேட்கும், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கேளுங்கள், சொல்லுங்கள், பிறகு எழுத்தைப் பாருங்கள். தமிழில் எழுதாமல் இருக்கவே முடியாது என்றால் எழுதுங்கள், தொண்டை அதிருகிற எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள், அது போதும்.

இலக்கணத்திலும் இதே மாதிரி ஒரு பொறி. முதல் வாரமே 'ஐ ஆம் எ ஸ்டூடன்ட்' என்று தொடங்குவதால், 'ஐ ஆம்' இரண்டும் சேர்ந்துதான் 'நான்' என்று பிள்ளைக்குப் பதிந்துவிடுகிறது. தமிழில் 'நான் மாணவன்' என்றாலே வசனம் முடிந்துவிடும், அதனால் 'ஆம்' ஒரு வினைச்சொல் என்று அதற்குத் தோன்றாது. பிறகு 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று வரும்போது அடித்துத் திருத்திப் பயனில்லை. ஆரம்பத்திலிருந்தே 'ஐ கோ', 'ஐ ஈட்', 'ஐ லைக்' என்பவற்றையும் கூடவே பழக்கவேண்டும். 'ஷீ கோஸ்' என்பதில் ஏன் ஒரு ஸ் என்று குழம்புகிறவர்களிடம் போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறது என்று சொல்லச் சொல்வேன். இத்தனை மாற்றத்தையும் யாரும் கற்பிக்காமலே செய்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரேயொரு மாற்றம் பெரிய விஷயமா?

சொற்களை நாளைக்குப் பத்து என்று அர்த்தத்தோடு பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லைத் தனியாக எடுக்காமல் அது வாழ்கிற சின்ன வசனத்தோடு எடுங்கள். அதற்கு அரசாங்கம் இலவசமாகத் தருகிற பாடப்புத்தகமும் பயிற்சிப் புத்தகமும் தாராளம். ஆறாம் ஆண்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுக்க ஓ.எல். முடித்தவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது, அந்த வெட்கத்தை நம்பித்தான் காசுக்கு வகுப்பு நடத்துகிற ரியூட்டரிகள் ஓடுகின்றன.

"சேர், புள்ள எழுதுவான், வாசிப்பான், கதைக்கத்தான் தெரியா" என்று வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வருகிற அம்மாவும் சொல்கிறார், டவுனில் இருக்கிற அப்பாவும் சொல்கிறார். 1814இல் இங்கிலாந்திலிருந்து வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது, இன்று மூன்றாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் பாடமாக இருக்கிறது, இருந்தும் இந்தக் கதைதான். 30 நாளில் கதைக்க வைப்போம் என்று போர்ட் போட்ட இடத்தில் காசைக் கட்டமுதல், ஒரு மணித்தியால வகுப்பில் உங்கள் பிள்ளை எத்தனை நிமிசம் வாய் திறக்கும் என்று கேளுங்கள். ஐம்பது பேரை ஒரு கொட்டிலில் இருத்தி மைக்கில் பாடம் நடத்துகிறவர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.